இருளப்பனின் முழங்கால்

பீடோங் கடைத்தெருவில் பரஞ்சோதி டாக்டருக்கு ‘சுத்தியல் டாக்டர்’ என்று பெயர். லண்டன் வரைக்கும் கப்பலேறிப் போய் நரம்பு வைத்தியம் படித்துவிட்டு வந்த மனிதரைப் பட்டறை ஆள் மாதிரி இப்படி அழைப்பது அவருக்குப் பிடிக்காதுதான். ஆனால் தப்பு அவர் பேரிலும் இருந்தது. வயிற்றுவலி என்று போனாலும் சரி, பல்வலி என்று போனாலும் சரி, முதலில் ஆளை மேஜைமேல் உட்காரவைத்துக் காலைத் தொங்கப்போடச் சொல்லி, ரப்பர் முனை வைத்த சின்னச் சுத்தியலால் முழங்காலுக்குக் கீழே ஒரு தட்டுத் தட்டுவார். கால் துள்ளினால் அவர் முகம் மலரும். துள்ளாவிட்டால் இன்னும் கொஞ்சம் அதிகமாகவே மலரும், ஏனென்றால் அது நோய்.

இன்னொரு சோதனையும் வைத்திருந்தார். சட்டைப்பையிலிருந்து வீட்டுச் சாவியை எடுத்து, குதிகாலிலிருந்து விரல்வரைக்கும் உள்ளங்காலை ஒரு கீறு கீறுவார். கால் பெருவிரல் கீழே மடங்கினால் பயமில்லை. மேல்நோக்கி மெல்ல நிமிர்ந்தால் கோளாறு காலில் இல்லை, முதுகுத்தண்டில் இருக்கிறது என்று அர்த்தம். அதற்கு அவரிடமும் மருந்தில்லை, லண்டனிலும் மருந்தில்லை.

பின்னாளில் பினாங்கில் நரம்பு நோய் ஆராய்ச்சிக்கென்றே ஒரு பெரிய அறநிலையம் எழும்பி, அதற்கு அவர் நெடுங்காலம் தலைவராக இருந்தார், மாலை மரியாதைகள் எல்லாம் கிடைத்தன. ஆனால் அவர் தலைமை வகித்த முதல் அறநிலையம் பீடோங்கில், சீனிவாசகம் முதலாளியின் மளிகைக்கடைப் பின்கட்டில், காலி மிளகாய் மூட்டைகளுக்கு நடுவில் நடந்தது. அது ஜப்பான்காரன் காலம். பினாங்கில் குண்டு விழுந்ததும் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு வந்த டாக்டர், சுத்தியலையும் மறக்காமல் கொண்டுவந்திருந்தார்.

திகாம் பத்து என்ற ஊருக்குப் போகிற வழியில் உள்ளே தள்ளி இருந்தது கல்லுமலைத் தோட்டம். வெள்ளைக்காரத் துரை ஓடிப்போன பிறகு ரப்பர் பாலுக்கு மதிப்பில்லை, அரிசி கண்ணிலேயே படவில்லை. மேட்டில் ஒன்றும் பள்ளத்தில் ஒன்றுமாக இருந்த லயங்களின், அதாவது கூலிகளின் வரிசை வீடுகளின், கொல்லையில் மரவள்ளி நட்டு, காலையில் மரவள்ளி, மத்தியானம் மரவள்ளி, மாறுதலுக்கு மரவள்ளிக் கஞ்சி என்று ஜனங்கள் காலம் தள்ளினார்கள். இரண்டாம் வருஷம் கால்கள் விழ ஆரம்பித்தன. முதலில் பாதம் மரத்துப்போகும். பிறகு முழங்கால் தள்ளாடும். சிலருக்குக் கால் வீங்கி, மூச்சு முட்டி, நெஞ்சே நின்றுபோயிற்று. ஆணும் பெண்ணுமாகச் செத்தவர்களைச் சுடுகாட்டுக்குத் தூக்கிக்கொண்டு போகக் கால் உள்ள ஆள் கிடைப்பதே பெரும்பாடாகிவிட்டது.

டாக்டர் போய்த் தட்டிப் பார்த்தார். முழங்கால்கள் எல்லாம் செத்துக் கிடந்தன. அரிசித் தவிட்டிலுள்ள சத்து உடம்புக்குக் கிடைக்காமல் வருகிற பெரிபெரி இது என்று அவருக்குப் பாதி மனம் சொன்னது. மரவள்ளியிலேயே, அதிலும் கசப்பு மரவள்ளியை ஊறவைக்காமல் அவசரத்தில் அவித்துத் தின்பதிலேயே, ஏதோ நஞ்சு இருக்கிறது என்று மீதிப் பாதி மனம் சொன்னது. முதலாவது சரியென்றால் தவிடு கொடுத்தால் போதும். இரண்டாவது சரியென்றால் தவிட்டால் ஒரு பிரயோசனமும் இல்லை, மரவள்ளிப் பானையைத்தான் இறக்கவேண்டும். இறக்கிவிட்டு அடுப்பில் ஏற்ற வேறு எதுவும் தோட்டத்தில் இல்லை. அதனால் முதலாவதே சரியாக இருக்கவேண்டும் என்று உள்ளுக்குள் ஆசைப்பட்டார்.

சீனிவாசகம் முதலாளி நல்ல மனுஷர். பீடோங்கிலும் சுங்கைப் பட்டாணியிலும் உள்ள கடைக்காரர்களிடம் பேசி, கல்லுமலை ஜனங்களுக்காக ஒரு தர்ம நிதி சேர்த்து, டாக்டரையே தலைவராகப் போட்டார். ஆனால் டாக்டர் தம் திட்டத்தை விளக்கியபோது முதலாளிக்கு ஒன்றும் பிடிபடவில்லை.

“மேட்டு லயத்துக்கு மட்டும் தவிடா? பள்ளத்து லயத்துக்கு?”

“ஆடி முடிஞ்ச பெறகு குடுப்போம் முதலாளி. கெடைக்கிற தவிடு ஒரு லயத்துக்குத்தான் காணும். ஒரு பக்கம் குடுத்து, ஒரு பக்கம் குடுக்காம இருந்தாத்தான் தவிடு வேலை செய்யுதான்னு தெரியும்.”

“எனக்குப் புரியலைங்க டாக்டரய்யா. பசிச்சவனுக்குச் சோறு போடறதுக்கு முன்னாடி, சோறு பசியை ஆத்துமான்னு பக்கத்து எலைக்காரனைப் பட்டினி போட்டுப் பாப்பாங்களா?”

டாக்டர் நீளமாகப் பதில் சொன்னார். முதலாளி கடைசிவரைக்கும் தலையாட்டினார், ஒரு வார்த்தையும் ஏற்கவில்லை. இருந்தாலும் தலைவர் சொன்னால் சொன்னதுதான் என்று தவிட்டு மூட்டைக்கு மாட்டுவண்டி ஏற்பாடு செய்யப் போய்விட்டார்.

தவிடு ஜப்பான்காரனின் ஆலையிலிருந்து வரவேண்டும். அதற்கு உத்தரவு தந்தவன் கூலியாட்களைப் பார்த்துக்கொள்ளும் ஜப்பானிய அதிகாரி. சந்தைப் பேச்சான பாசார் மலாய் பேசுவான், சிரிக்கவே மாட்டான். அவன் போட்ட நிபந்தனையை டாக்டர் நல்லதென்றே நினைத்தார். ஆடி மாதம் வந்து பார்ப்பேன், விழுந்தவர்கள் எழுந்திருந்தால் தவிடு தொடர்ந்து வரும், எழாவிட்டால் தவிடு பட்டாளத்துக் குதிரைகளுக்குப் போகும் என்றான். ஆராய்ச்சிக்கு ஒரு கெடு இருப்பது நல்லதுதானே என்று டாக்டர் எண்ணினார். படித்தவர்களுக்கு இப்படிச் சில எண்ணங்கள் வரும்.

மேட்டு லயத்துப் பெண்கள் தவிட்டைப் பள்ளத்து லயத்துக்குக் கொடுத்துவிட்டால் ஆராய்ச்சி பாழாகிவிடும் என்று அவருக்குத் தெரியும். அதற்கும் ஒரு வழி செய்தார். தோட்டத்து மாரியம்மன் கோயிலுக்கு எல்லாப் பெண்களையும் வரவழைத்து, “இந்தத் தவிட்டைப் பிறத்தியாருக்குக் கொடுக்கமாட்டோம், விற்கமாட்டோம்” என்று கற்பூரம் கொளுத்திச் சத்தியம் வாங்கினார். ராக்காயி என்கிற கெட்டியான பெண்மணிதான் எல்லாருக்கும் முன்னால் வந்து கற்பூரத்தைக் கையால் அணைத்தாள். தம்மைவிட யாரும் ஜாக்கிரதையாக ஆராய்ச்சி செய்திருக்கமுடியாது என்ற நிம்மதியோடு டாக்டர் சைக்கிள் ஏறினார்.

தவிடு கொடுக்கத் தொடங்கிய கொஞ்ச நாளில் பள்ளத்து லயத்தில் இருளப்பன் விழுந்தான். பால்வெட்டில் கெட்டிக்காரன், பேச்சில் கருமி. மற்றவர்களைப்போல் நாள்பட்டுத் தளர்ந்து விழவில்லை. ஒரு நாள் காலையில் பாயிலிருந்து எழுந்தவன் எழுந்த இடத்திலேயே உட்கார்ந்துவிட்டான் என்று அவன் மனைவி செல்லாயி சொன்னாள். டாக்டர் அவனைப் பலகைமேல் உட்காரவைத்து முழங்காலைத் தட்டினார். கால் விர்ரென்று எழும்பி அவர் மூக்குக்கண்ணாடியைத் தட்டிவிட்டது.

செல்லாயி பதறிப்போய்க் கண்ணாடியைத் தேடி எடுத்துத் துடைத்துக் கொடுத்தாள். டாக்டர் கோபப்படவில்லை, குழம்பினார். எல்லாருக்கும் செத்துப்போன முழங்கால் இவனுக்கு மட்டும் இப்படித் துள்ளுகிறதே, பிறகு ஏன் விழுந்தான்? முதுகுத்தண்டாக இருக்குமோ என்று ஒரு நினைப்பு எட்டிப் பார்த்தது. சாவியைக் கையில் எடுத்தார். ஆனால் இருளப்பனின் இரண்டு உள்ளங்காலிலும் ஆறாத புண். வெற்றிலை வைத்துத் துணி சுற்றியிருந்தது.

“அவுத்தா ரத்தம் கொட்டுமுங்க ஐயா. நேத்துத்தான் கட்டுனேன்,” என்றாள் செல்லாயி.

சரி, புண் ஆறட்டும், அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

அதற்குப் பிறகு நடந்தவைதான் டாக்டரின் தூக்கத்தைக் கெடுத்தன. மேட்டு லயத்து முழங்கால்கள் ஒன்றொன்றாக உயிர்பெற்றன. தட்டினால் துள்ளின. டாக்டருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. ஆனால் ஆட்களைக் கேட்டால் முன்னைக்கிப்போது மோசம் என்றார்கள். ஊசியால் குத்தினால் தெரியவில்லை என்றார்கள். எழுந்து நில் என்றால் சுவரைப் பிடித்துப் பாதி எழுந்து பொத்தென்று விழுந்தார்கள்.

“முட்டி துள்ளுதே ராமையா, அப்பறம் ஏன் நிக்க முடியலை?” என்று ஒருவரைக் கேட்டார்.

“அது துள்ளும் ஐயா. அதுக்கென்ன, வேலையா வெட்டியா. நிக்க வேண்டியது நானுல்ல.”

டாக்டர் இன்னொரு தடவை தட்டினார், முழங்கால் இன்னொரு தடவை துள்ளியது. அதுவாவது போகட்டும். தவிடே காணாத பள்ளத்து லயத்து முழங்கால்களும் கொஞ்ச நாள் கழித்து உயிர்பெற ஆரம்பித்தன. தவிடு தின்றவன் முழங்காலும் துள்ளியது, தின்னாதவன் முழங்காலும் துள்ளியது, இருவரும் நடக்கவில்லை. அப்படியானால் தவிட்டுக்கும் முழங்காலுக்கும் சம்பந்தமில்லை, முழங்காலுக்கும் நடைக்கும் சம்பந்தமில்லை. பாதி மனம், மீதி மனம் என்று இருந்த டாக்டருக்கு இப்போது மனமே இல்லாததுபோல் ஆகிவிட்டது. சுத்தியலே கெட்டுவிட்டதோ என்ற சந்தேகத்தில் சீனிவாசகம் முதலாளியின் முழங்காலைத் தட்டிப் பார்த்தார். அது ஒழுங்காகத்தான் துள்ளியது. முதலாளி மட்டும் கொஞ்சநாள் டாக்டர் பக்கத்தில் உட்காரப் பயந்தார்.

ஆடி பிறந்தது. அதிகாரி மறுநாள் வருகிறான் என்று தகவல் வந்தது. என்ன சொல்வதென்று தெரியாமல் டாக்டர் வழக்கமில்லாத நேரத்தில், உச்சிவெயிலில், கல்லுமலைக்குச் சைக்கிள் மிதித்தார். மேட்டு லயத்து முனையில் திரும்பியவர் அப்படியே நின்றுவிட்டார்.

செல்லாயி மஞ்சளில் நனைத்த புடவை கட்டி, தலைமுடியை விரித்துவிட்டு, முந்தானையை இரு கையாலும் ஏந்திப் பிடித்தபடி வாசல் வாசலாக நடந்துகொண்டிருந்தாள். ஒவ்வொரு வாசலிலும் பெண்கள் வெளியே வந்து அவள் மடியில் ஒரு கை தவிடு போட்டுக் கும்பிட்டார்கள். ராக்காயி மற்றவர்களைவிடத் தாராளமாக இரண்டு கை போட்டாள்.

டாக்டருக்கு வந்த கோபத்தில் சைக்கிள் ஒரு பக்கம், அவர் ஒரு பக்கம் ஆனார்.

“சத்தியம் பண்ணுனியே ராக்காயி. ஆத்தா முன்னாடி கற்பூரத்தை அணைச்சியே. பெறத்தியாருக்குக் குடுக்கமாட்டேன்னு.”

“குடுக்கலைங்களே ஐயா.”

“என் கண்ணு முன்னாடியே அள்ளிப் போட்டே.”

“இது மடிப்பிச்சைங்க,” என்றாள் ராக்காயி, சின்னப் பிள்ளைக்குச் சொல்வதுபோல. “புருசனுக்குக் காலு வரணுமுன்னு ஆத்தாகிட்ட வேண்டிக்கிட்டு மடியேந்தி வந்து நிக்குறா. வந்தவளை வெறும் மடியா அனுப்பக்கூடாது. மடியில போட்டது ஆத்தாளுக்குப் போட்டது. கோயில்ல கூழு காச்சி, ஆத்தா பேரால எல்லாரும் குடிப்பாங்க. ஆத்தா பெறத்தியாளாங்க?”

“எத்தனை பேரு இப்படி வேண்டிக்கிட்டு வந்தாங்க?”

“பள்ளத்து லயத்துல காலு விழாத வீடு ஏதுங்க? நாளுக்கு ஒரு வீடா வருவாங்க. எங்க சத்தியமும் கெடலை, அவுங்க வேண்டுதலும் கெடலை.”

டாக்டர் அங்கிருந்த உரல்மேல் உட்கார்ந்துவிட்டார். பிறகு சிரித்தார், கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். பள்ளத்து லயம் இத்தனை நாளும் தவிட்டுக் கூழ்தான் குடித்திருக்கிறது. அப்படியானால் தவிடு வேலை செய்கிறது. பெரிபெரிதான், சந்தேகமே இல்லை. மரவள்ளி நஞ்சு என்று சொன்ன மீதிப் பாதி மனத்தை அந்த நிமிஷமே வெளியே தள்ளிக் கதவைச் சாத்தினார்.

“ரொம்ப நல்லதாப் போச்சு. நாளைக்கு அதிகாரிகிட்ட எல்லாருக்கும் காலு வந்துக்கிட்டிருக்குன்னு சொல்லிடறேன். தவிடு நிக்காது.”

பெண்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். ராக்காயிதான் பேசினாள்.

“சொல்லிட்டு? எங்க ஆளுங்களை லாரியில ஏத்தவாங்க?”

சயாமில் ரயில் பாதை போட ஆள் பிடிப்பது டாக்டருக்கும் தெரிந்ததுதான். ஆனால் அவர் தலைக்குள் ரயில் பாதை ஓர் அறையிலும் முழங்கால் இன்னோர் அறையிலும் இருந்தன. கரங்கான் பக்கத்துத் தோட்டத்தில் காலைப் பிரட்டுக்கு, அதாவது ஆள் கணக்கெடுப்புக்கு, வந்து நிற்க முடிந்தவர்களை எல்லாம் நின்ற இடத்திலிருந்தே லாரியில் ஏற்றிப்போனதை ராக்காயி சொன்னாள். போனவர்களில் ஒருவரும் திரும்பவில்லை, ஒரு சேதியும் வரவில்லை. நிற்க முடியாதவர்களை மட்டும் அந்த அதிகாரி தொடாமல் விட்டுவைத்திருந்தான். அதனால் ஆண்கள் தங்களுக்குள் பேசிவைத்துக்கொண்டு, தெம்பு வந்தும் எழாமல் கிடந்தார்கள்.

“பொம்பளைகிட்டச் சொன்னா ஊருக்குச் சொன்னதாயிருமுன்னு எங்க வீட்டாளு எங்கிட்டயே மறைச்சுச்சுங்க. நா தண்ணிக் கொடத்தைத் தூக்கிட்டு உள்ள வந்தப்ப ஒருநா அது எழுந்து நின்னதைக் கையும் களவுமாப் புடிச்சேன்,” என்றாள்.

செல்லாயி மடியை ஏந்தியபடியே நின்றாள். அவளுக்கு இது புதிது. “எங்க ஆளுமா அப்படி?” என்றாள் மெதுவாக. “எங்கிட்டயுமா மறைக்குது?”

டாக்டருக்கு இப்போது எல்லாம் பளிச்சென்று விளங்கியது. இத்தனை நாள் குழம்பிக் கிடந்தவருக்கு ஒரே நாளில் இரண்டு முடிச்சு அவிழ்ந்தால் மூன்றாவது முடிச்சையும் தானே அவிழ்த்துவிடத் தோன்றுவது இயற்கை. மூக்குக்கண்ணாடியைத் தட்டிவிட்ட அந்த முழங்கால் நினைவுக்கு வந்தது.

“உன் புருசன்தான் எல்லாரையும்விடக் கெட்டிக்காரன் செல்லாயி. அவனுக்கு நோயே வந்ததில்லை. முட்டி என்னமா துள்ளுது. ஜப்பான்காரன் போனதும் தானா எழுந்துருவான், பாரு.”

செல்லாயிக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. மடியிலிருந்த தவிட்டில் பாதி தரையில் சிந்தியது. “படுபாவி மனுசன்,” என்றாள், சந்தோஷத்தோடு.

டாக்டர் பள்ளத்து லயத்துக்குப் போய் இருளப்பனைப் பார்த்தார். அவன் சுவரில் சாய்ந்து, விறைத்த காலைக் கையால் நீவிக்கொண்டிருந்தான்.

“எல்லாம் தெரிஞ்சுபோச்சு இருளப்பா. நல்லா நடிக்கிறே. நாளைக்கும் இப்படியே இரு.”

“நா நடிக்கலைங்க ஐயா.”

“அதையேதான் நாளைக்கும் சொல்லணும்,” என்று டாக்டர் அவன் தோளைத் தட்டிக்கொடுத்தார்.

அன்று மாலை அவர் சைக்கிளை மிதிக்காமல் தள்ளிக்கொண்டே திரும்பினார். கால் வந்துவிட்டது என்றால் ஆட்கள் சயாமுக்குப் போவார்கள். வரவில்லை என்றால் தவிடு குதிரைக்குப் போகும், வீங்கிய கால்காரர்கள் மறுபடி மூச்சு முட்டிச் சாவார்கள். இரண்டில் எதைச் சொன்னாலும் கொலை. இப்படி ஒரு கேள்வியை எந்தப் பரீட்சையிலும் யாரும் அவரைக் கேட்டதில்லை.

மறுநாள் பிரட்டுக் களத்தில் விழுந்த ஆண்களை எல்லாம் தூக்கிவந்து வரிசையாக உட்காரவைத்திருந்தார்கள். அதிகாரி வந்தான். கால் வந்ததா என்று கேட்டான். உயிர் நிற்கிறது, கால் வரவில்லை, தவிட்டை நிறுத்தினால் உயிரும் போய்விடும் என்று டாக்டர் தயார் செய்துவைத்திருந்ததைச் சொன்னார். உட்கார்ந்தபடி கயிறு திரிக்கலாம், கிழங்கு சீவலாம், அதற்கு இவர்கள் உயிரோடு வேண்டும் என்றும் சேர்த்துக்கொண்டார். குரல் நடுங்காமல் வந்தது அவருக்கே ஆச்சரியம்.

அதிகாரி டாக்டரின் கையிலிருந்த சுத்தியலை வாங்கினான். வரிசையில் முதலில் இருந்தவன் இருளப்பன். அவன் உட்கார்ந்திருந்த பலகைக்கு முன்னால் குனிந்து முழங்காலில் ஒரு தட்டுத் தட்டினான். கால் விர்ரென்று எழும்பியது, எழும்பியது நிற்காமல் கிடுகிடுவென்று ஆடியது.

“காக்கி ஹிடோப்,” என்றான் அதிகாரி. கால் உயிரோடுதான் இருக்கிறது. அவன் முகத்தில் முதல்முறையாகச் சிரிப்பு வந்தது.

அந்த நிமிஷத்தில் லண்டனில் படித்த பழைய பாடம் ஒன்று அவருக்குக் கைகொடுத்தது. “துவான், இதுதான் நோய்,” என்றார். நல்ல கால் இவ்வளவு துள்ளாது. முதுகுத்தண்டில் நரம்பு அறுந்துபோனால், தலையின் கட்டளை காலுக்கு வராது. கால் தன்பாட்டுக்குத் துள்ளும், தலை வெட்டிய கோழி துள்ளுவதுபோல. இப்படித் துள்ளுகிற கால் இனி நடக்கவே நடக்காது. பாடம் உண்மை. அதை இங்கே சொன்னது பொய் என்று நினைத்துக்கொண்டு சொன்னார்.

அதிகாரி நம்பவில்லை. தன்னுடன் வந்த சிப்பாய்களைப் பார்த்துக் கையசைத்தான். அவர்கள் இருளப்பனைக் கக்கத்தில் கைகொடுத்துத் தூக்கி நிறுத்திவிட்டுச் சட்டென்று விட்டார்கள். இரண்டு காலும் கத்தரிக்கோல்போல் ஒன்றோடொன்று குறுக்கே பின்னிக்கொண்டன. கையை ஊன்றக்கூட நேரமில்லாமல் அவன் முகம் குப்புற விழுந்தான். மேலுதடு கிழிந்து ரத்தம் வந்தது. இன்னொரு தடவை தூக்கி விட்டார்கள். அப்படியேதான் விழுந்தான்.

என்ன நடிப்பு, என்ன நடிப்பு என்று டாக்டர் உள்ளுக்குள் வியந்துபோனார். ஓடிப்போய் அவனைக் கட்டிக்கொள்ளவேண்டும்போல் இருந்தது. மற்றவர்களின் முழங்கால்களையும் அதிகாரி தட்டிப் பார்த்தான், அவையும் துள்ளின, இப்போது அவன் அதை நோய் என்றே எடுத்துக்கொண்டான். சுத்தியலை டாக்டரிடம் திருப்பிக் கொடுத்துவிட்டு, தவிடு வரும், உட்கார்ந்து கயிறு திரிக்கட்டும் என்று சொல்லிவிட்டுப் போனான். அந்த வரிசையில் உட்கார்ந்திருந்த ஒருவரையும் சயாமுக்கு ஏற்றவில்லை.

பீடோங்கில் சீனிவாசகம் முதலாளிக்குத்தான் ரொம்ப வருத்தம். “நம்ம தவிட்டுனால ஒருத்தன் காலும் வரலையாமே. நீங்களே அதிகாரிகிட்டச் சொன்னீங்களாம்.”

உண்மையைச் சொன்னால் அது கடைத்தெருவுக்குப் போகும், கடைத்தெருவிலிருந்து எங்கே போகும் என்று சொல்லமுடியாது. “ஆமா முதலாளி. ஆராய்ச்சி தோத்துப்போச்சு,” என்றார் டாக்டர். வாழ்க்கையில் அவர் கண்டுபிடித்த முதல் உண்மையை இப்படிச் சொல்லவேண்டி வந்தது.

“போனா போகுது விடுங்க. தர்மம் தோக்காது. மூட்டையை இனி ரெண்டு லயத்துக்கும் சேத்தே எறக்கிருவோம்,” என்றார் முதலாளி. ஆராய்ச்சி ஒழிந்ததில் அவருக்கு உள்ளூரச் சந்தோஷம்.

ஒருவழியாக இரண்டு வருஷம் கழித்து ஜப்பான்காரன் தோற்றுப் போனான். சேதி வந்த வாரமே கல்லுமலையில் அதிசயம் நடந்தது. கிடந்தவர்கள் எல்லாரும் எழுந்துவிட்டார்கள். முதலில் வெட்கத்தோடு வாசல் வரைக்கும் வந்தார்கள், பிறகு துணிந்து கோயில் வரைக்கும். ராமையா ஒரு தப்பு மேளத்தைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு மேட்டு லயத்தைச் சுற்றி ஆடியே வந்தார். சேதி கேட்டு வண்டி கட்டி வந்த சீனிவாசகம் முதலாளி, வாயைத் திறந்தபடி பார்த்தார். டாக்டர் அவர் காதில் எல்லாவற்றையும் சொன்னார். முதலாளி டாக்டரைத் திட்டினார், பிறகு கையைப் பிடித்துக்கொண்டு அழுதார்.

பினாங்கிலிருந்து டாக்டரை வரச்சொல்லி ஆள் வந்திருந்தது. நரம்பு நோய்க்கென்று பெரிதாக ஓர் அறநிலையம் ஆரம்பிக்கப் போகிறார்கள், கல்லுமலை ஆராய்ச்சியைக் கேள்விப்பட்டு அவரையே தலைவராகக் கேட்கிறார்கள். இனி உண்மையை உரக்கச் சொல்லலாம். தவிடு வென்றது, சுத்தியல் வென்றது. டாக்டருக்குக் கால் தரையில் பாவவில்லை. கிளம்புமுன் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டு போகலாம் என்று பள்ளத்து லயத்துக்கு இறங்கினார்.

செல்லாயி அவரைத் தேடித்தான் வந்துகொண்டிருந்தாள். முன்னைக்கு இளைத்துப் போயிருந்தாள். “நீங்களே வந்து கேளுங்க ஐயா இந்த நாயத்தை,” என்று உள்ளே அழைத்துப் போனாள். அடுப்பில் ஊறவைக்காத கசப்பு மரவள்ளி கொதித்துக்கொண்டிருந்தது. இருளப்பன் அதே சுவரில் அதே இடத்தில் சாய்ந்திருந்தான்.

“ஜப்பான்காரன் போயே போயிட்டான். ஊரே எழுந்து கூத்தாடுது. இவரு மட்டும் இன்னும் நடிச்சுக்கிட்டுக் கெடக்குறாருங்க. ரெண்டு வருசமா நானும் பொறுத்துத்தான் கெடந்தேன், நீங்க சொன்னீங்களேன்னு. இந்த வாரம் கெஞ்சிப் பாத்தேன், திட்டிப் பாத்தேன். கையைப் புடிச்சு இழுத்துத் தெருவுல கூட விட்டுப் பாத்தேன். ஒருநாளு பூரா சாப்பாடு குடுக்காம இருந்தேன், பசிச்சா எழுந்து வருவாருன்னு. அசைய மாட்டேங்குறாரு. நீங்க சொன்னா கேப்பாருங்க.”

டாக்டர் இருளப்பனைப் பார்த்தார். அவன் முழங்கையிலும் நெற்றியிலும் புதுக் காயங்கள் இருந்தன, தெருவில் இழுத்துவிட்டபோது பட்டவை. மேலுதட்டில் பழைய தழும்பு. டாக்டரையே பார்த்துக்கொண்டிருந்தான். உள்ளங்கால் புண்கள் எப்போதோ ஆறியிருந்தன.

டாக்டர் தரையில் உட்கார்ந்தார். சட்டைப்பையிலிருந்து சாவியை எடுக்க அவருக்கு நேரம் பிடித்தது. விறைத்த காலை மடியில் தூக்கிவைத்து, குதிகாலிலிருந்து மேலாக ஒரு கீறு கீறினார்.

பெருவிரல் மெல்ல மேலே நிமிர்ந்தது. மற்ற விரல்கள் விசிறியாக விரிந்தன. டாக்டர் அடுத்த காலையும் எடுத்துக் கீறினார். அதுவும் அப்படியே நிமிர்ந்தது.

“பாத்தீங்களா, அசையுது,” என்று செல்லாயி சந்தோஷமாகக் குனிந்தாள். “நா சொன்னேன்ல ஐயா? வெரலு அசையுது பாருங்க.”

“நா நடிக்கலைங்க ஐயா,” என்றான் இருளப்பன்.

“ஆமா இருளப்பா,” என்றார் டாக்டர். “நீ நடிக்கலை.”

செல்லாயி சிரித்த முகம் மாறாமல், ஒன்றும் புரியாமல், இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.